விளக்கறை

வார்சாவிலிருந்து வந்தவள். சுத்தமான காலணி.
மைக்கை நீட்டிக் கேட்டாள்:
"உலகம் நிலக்கரியை விட்டுவிடுமா, திருமதி உர்சுலா?
முப்பது விநாடிக்குள் சொன்னால் போதும்."

நான் விளக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை:
இறங்குமுன் ஆளுக்கொரு விளக்கு,
ஏறியதும் அதே எண், அதே கொக்கி.
கொக்கி காலியென்றால் ஆள் இன்னும் அடியில்.
ஒரு பிப்ரவரியில் 614 மட்டும்
மூன்று நாள் காலியாக இருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற மின்சாரம் வேண்டும்.
மின்சாரத்துக்கு, தண்டவாளத்துக்கு அப்பால் அந்த அனல் நிலையம்.
அதற்குக் கரி.
கரிக்கு இந்த விளக்குகள்.
தொன்னைக்கு நெய்யா, நெய்க்குத் தொன்னையா,
நான் தர்க்கம் படித்தவளில்லை.

போன வருடம் அக்டோபரில் என் வீட்டில்
வெப்ப பம்பு வைத்தார்கள்.
மானியம் பாதி, கடன் பாதி.
மாட்ட வந்தவன் கெரார்ட், பழைய 308.
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
"முனகும், அவ்வளவுதான். வெடிக்காது" என்றான்
தலை நிமிராமல்.

அந்தக் குளிர்காலத்தில்
ஜன்னல்திரை வெள்ளையாகவே இருந்தது.
சைலேசியாவில்!
துவைக்க எதுவும் இல்லாத சனிக்கிழமைகளில்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

பழைய அடுப்பை மட்டும் கழற்ற விடவில்லை.
ஜனவரியில், காற்று செத்துக் கிடந்த வாரம்,
மைனஸ் பதினெட்டு.
பில்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு
கொட்டகையில் மிச்சமிருந்த கரியில்
ஒரு வாளி அள்ளி வந்தேன்,
எதிர்வீட்டு ஹில்டா பார்க்காதபடி, இருட்டில்.
அவள் புகைபோக்கியும்
அதே நேரத்தில்தான் புகைந்தது.

இரண்டாயிரம் கொக்கிகள் இந்த அறையில்.
இன்றைய ஷிப்டுக்குப் போன விளக்கு முந்நூற்றுத் தொண்ணூறு.
கொக்கி காலியென்றால் இப்போது வேறு பொருளும் உண்டு:
ஓய்வூதியம், ஜெர்மனி, கெரார்ட்.
ஒன்றில் என் குடை.

எல்லாரும் ஒரே மணியில் மேலே வந்ததில்லை.
கூண்டு சிறியது,
நாற்பது நாற்பது பேராகத்தான் ஏற்றும்.
அதுவரை கீழே நிற்பவனுக்கும் காற்று போகவேண்டும்.
விசிறியை நிறுத்திவிட்டு
ஏறி வா என்று யாரையும் கூப்பிட முடியாது.
நின்றவனை நின்ற இடத்திலேயே
விட்டுவரவும் முடியாது.

"சொல்லுங்கள்" என்றாள்.
மைக்கில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
மணி அடித்தது. கம்பிவடம் இழுபடும் சத்தம்.
புனித பார்பரா சிலைக்கு முன்னால்
ஈர பூட்ஸுகள்.
முந்நூற்று எண்பத்தொன்று.
எண்பத்திரண்டு.

"கொஞ்சம் பொறு, பெண்ணே" என்றேன்.
"இன்னும் எட்டு வரணும்."