மூலைத் தகடு

முந்திரிக்கொல்லையின் வடமேற்கில்
மூன்று அலுமினியத் தகடுகள்
ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன,
கூரை பிடுங்கிய அறையின் ஒரு மூலை மாதிரி.
அதைத் துடைக்க எனக்கு நானூறு ரூபாய்,
பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.

காக்கை எச்சம், சருகு, நேற்றைய மழைத் தண்ணீர்.
அடியில் ஓட்டை உண்டு, குளவி மண் வைத்து அடைத்துவிடும்.
ஒருதரம் வீரப்பெருமாளின் கிடா
உள்ளே ஏறிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அன்றைக்கு மேலிருந்து பார்த்தவர்களுக்கு
நாங்கள் எப்படித் தெரிந்தோமோ.

விடிகாலை ஆறு மணிக்கு அது கடந்து போகும்.
ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.
இரண்டு நாடு சேர்ந்து செய்தது என்றான் தன்வீர்,
காரைக்கால் பையன், கடலூரில் ரூம் எடுத்திருக்கிறான்.
அவர்கள் நீள அலை கொடுத்தார்களாம், நாம் குட்டை அலை.
நீளமானது இலையை ஊடுருவி இறங்குமாம்.
மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.
ஐப்பசியில் தாழ்வு மண்டலம் வந்து நின்று
நாங்கள் சூரியனையே மறந்திருந்த வாரத்திலும்
வந்தது, பார்த்தது, போனது.

"இந்தத் தகடு என்னதான் செய்யும்?"
"எதுவும் செய்யாதுக்கா.
மேலேர்ந்து எது வந்து விழுந்தாலும்
வந்த வழியே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்."

எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்று கடலூரில் இருக்கிறது.
திங்கட்கிழமைதோறும் அதே வேலையைத்தான் செய்கிறது.

விரிசல் அடுப்படிச் சுவரில் தொடங்கியது.
தையில் ரேஷன் கார்டு நுழைந்தது.
ஆனியில் ஐந்து ரூபாய், பழைய தடித்த காசு.
இப்போது சுண்டுவிரல்.
சுரங்கத்தில் இரவும் பகலும் தண்ணீர் இறைக்க இறைக்க
எங்கள் போரில் மோட்டாரை
அஞ்சாபுலி மூன்று தரம் இறக்கிக் கட்டிவிட்டார்.
மனு நான்கு.
பதில் ஒன்றே: போதிய ஆதாரம் இல்லை.

போன வாரம் லேப்டாப்பைத் திறந்து காட்டினான்.
கடல் கறுப்பு. கெடிலம் ஒரு கறுப்பு நூல்.
நடுவில் ஊசி குத்தியது போல் வெள்ளைப் புள்ளி,
அது நான் துடைத்தது.
இன்னொரு படத்தில் எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு.
"சிவப்புன்னா?"
கொஞ்சம் தயங்கினான்.
"அதை விட்டுத் தூரமாப் போகுதுன்னு அர்த்தம்."
"எவ்வளவு தூரம்?"
"பதினோரு மில்லிமீட்டர்."

எழுநூறு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது அது.
கடலூர் இங்கிருந்து முப்பது.

"இதை ஒரு பிரிண்ட் போட்டுத் தருவியா?"
"மேலே கேட்கணும்க்கா" என்றான்.
என்னையறியாமல் நானும்
அண்ணாந்து பார்த்தேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.
ஐந்தே முக்காலுக்குக்
குளவி மண்ணை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன்.
தேங்கியது சொட்டிச் சொட்டி இறங்கியது.
துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு
போட்டோவில் குறுக்கே விழக்கூடாதே என்பதுபோல்
நாலடி தள்ளி நின்றேன்.
ஆறு.
சத்தம் ஏதும் இல்லை.
முந்திரி மரத்தில் ஒரு அணில் மட்டும் கத்திவிட்டு நிறுத்தியது.
காலடியில் நிலம்
தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது,
தகட்டையும் என்னையும் ஏற்றிக்கொண்டு.