மூன்று மில்லி ஆம்பியர்

தலையைச் சட்டத்தில் திருகியிருக்கிறார்கள்.
குகபாலன் விழித்திருக்கிறார்.
பெர்ன், ஆஸ்பத்திரி, காலை ஒன்பதேகால்.
வெளியே பெப்ரவரி. இப்படி ஒரு பெப்ரவரியில்தான்
லொரேன் பாலத்துப் பனிக்கட்டி
அவர் சைக்கிளை வாரிவிட்டது.
மண்டை ஆறியது. எட்டு மாதம் கழித்து
வலது கை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது.

அவர் தரைக்கு ஓடு பதிப்பவர்.
நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் கூலி.

கம்பி உள்ளே இறங்குகிறது, மயிரிழை மயிரிழையாக.
எதாவது தெரிகிறதா என்று கேட்கிறார் டாக்டர் ஏஷ்பாகர்.
"சுணைக்குது."
எனக்குக் கும்பகோணத்துக் காது.
ஊசியா? எறும்பா? மரத்துப்போகிறதா?
"இல்லைப் பிள்ளை, காஞ்சோண்டி பட்ட மாதிரி."
காஞ்சொறி!
ஜெர்மனில் அதை எரிகிற செடி என்பார்கள்.
சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

ஒன்று. ஒன்றரை. இரண்டு.
கையில் தண்ணீர்க் கோப்பை கொடுத்தார்கள்.
பாதி மார்பில் கொட்டியது.
இரண்டரையில் சொட்டுச் சொட்டாய்.
மூன்றில்
தண்ணீர் அசையாமல் கிடந்தது,
கூரை விளக்கு அதில் முழுசாய்த் தெரிந்தது.
அவர் அந்தக் கையை
யாருடையதோ போலப் பார்த்தார்.

கிழமைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.
ஞாயிறு, திங்கள், செவ்வாய்,
செவ்வாயில் நாக்கு கனத்த மாதிரி.
வியாழன் 'வியாளன்' ஆனது.
மின்சாரமா? யாழ்ப்பாணமா?
அறையில் ஏழு பேர், தீர்ப்பு என் காதில்.
இன்னொரு தரம் சொல்லுங்கோ, அண்ணை.
வெள்ளியும் வழுக்கியது.
மின்சாரம்தான்.

இறக்கினார்கள். பேச்சு திரும்பியது,
கூடவே நடுக்கம், கொஞ்சம்.
எது வேண்டும் என்று கேளுங்கள், என்றார் டாக்டர்.
பிறகும் மாற்றலாம். ஆனாலும் கேளுங்கள்.

கேட்டேன். வாயால் பிழைக்கிறவள்;
எந்தப் பதில் வர வேண்டும் என்பது
என் குரலிலேயே இருந்திருக்கும்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூண்டாம் வரிசையில ஒரு ஓடு கோணல்."
பிறகு,
"வாய் குழறினா விளங்கப்படுத்த நீங்கள் இருக்கிறியள்.
கைக்கு ஆர் இருக்கினம்?"

முகக்கவசத்துக்கு மேலே
டாக்டரின் புருவம் காத்திருந்தது.
ஓட்டைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றியும்.
"கூட்டச் சொல்கிறார்," என்றேன்.