பதினோரு மில்லிமீட்டர்

ஜனவரியிலிருந்து எங்கள் சவுனாவில்
ஆட்கள் குளிப்பதில்லை.
மேல்படியில், நான் வழக்கமாக வியர்த்துக் கிடக்கும் மூலையில்,
இரண்டு டப்பா பிசின் உட்கார்ந்திருக்கிறது,
இடுப்பில் துண்டு இல்லாததுதான் குறை.

வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
குளிரில் பிசின் இறுகாது என்றாள் ஹில்க்கா.
குளிரில் நான் இறுகிப்போவேன் என்றேன்.
அது அவள் பட்டியலில் இல்லை.

பகலில் அவள் பல் செய்கிறவள்.
குவோப்பியோ நகரத்தில் பல பேருடைய சிரிப்பு
அவள் மேசையிலிருந்து புறப்பட்டுப் போனது.
தலைமுடி கனம் கூடினாலும்
கடிக்கும்போது காட்டிக்கொடுக்கும் என்பாள்.

மாலையில் கராஜ்.
தபாலில் வந்த வரைபடம், ஆறு பிளைவுட் பலகை,
ஒரு சுருள் செப்புக்கம்பி.
ஓரத்தில் துளை, துளையில் கம்பி,
கம்பிக்கு ஒரு முறுக்கு.
சட்டைக்குக் கை தைப்பதுபோல் தைத்துக்கொண்டே வந்தாள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி இருக்கும்,
தரையில் தட்டையாய்க் கிடந்ததெல்லாம்
வயிறு உப்பி எழுந்து
படகாக நின்றுவிட்டது.
காபிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று
மறந்துபோனேன் நான்.
மார்ச்சில் கிடைத்தது, அணியத்துக்கு அடியில்.

கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது.
அடுத்த வீட்டு தைஸ்டோ பதினான்கு கொடுத்தார்;
வாரம் தவறாமல் வந்து
எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி கடைசியில் அளந்தாள்.
வலப்பக்கம் பதினோரு மில்லிமீட்டர் அதிகம்.
மறுபடி அளந்தாள்.
டேப்பை என்னிடம் நீட்டினாள்.
எனக்குப் பன்னிரண்டு வந்தது.
பதினொன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

பிரித்துத் திரும்பத் தைக்கலாமே?
பிசின் இறுகிவிட்டது என்றாள்.
அன்றிரவு தட்டில் இருந்த உருளைக்கிழங்கை
பேசாமல் நான்காக, எட்டாக, பதினாறாக வெட்டினாள்,
ஒன்றையும் தின்னவில்லை.
காலையில் மரத்தூளைப் பிசினில் குழைத்து
பல் அடைக்கும் கரண்டியால்
இடைவெளியை அடைத்தாள்.
விரல் வைத்துத் தடவினால் தெரியாது.
தண்ணீருக்குத் தெரியும்.

மே நடுவில் ஏரி உடைந்தது.
கரைக்கு நான்கு பேர் தூக்கிப்போனோம்,
எட்டடிப் படகுக்கு நான்கு பேர் அதிகம்தான்.
சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.
தைஸ்டோவுக்கு அதில் லேசான ஏமாற்றம்.

துடுப்பு போடுகிறவள் பின்பக்கம் பார்த்திருக்கிறாள்.
எதிரே உட்கார்ந்தவன் முன்பக்கம் பார்க்கிறேன்.
படகு இடப்பக்கமாய் இழுக்கிறது.
இடது துடுப்பை அழுத்து என்றேன்.
தன் இடது கையால் அழுத்தினாள்.
இன்னும் இழுத்தது.
உன் இடதா என் இடதா?
படகின் இடது!
படகுக்கு ஏது கை?
ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.
கரையில் யாரோ கையசைத்தார்கள்,
நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவள் துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.
சொட்டுகள் என் காலணிமேல் விழுந்தன.

அன்றைக்கு உனக்கு எவ்வளவு வந்தது?

கரையைப் பார்த்தேன். தைஸ்டோ இன்னும் நின்றிருந்தார்.

பன்னிரண்டு.

எனக்கும் முதல் தடவை பன்னிரண்டுதான் என்றாள்,
டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.

படகு தன்பாட்டுக்கு
கோரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.