இருபத்து மூன்றாம் தட்டு, பின்பக்கம்

முதலாம் குறுக்குத் தெருவில்
ரிஃபாஸ் சொன்ன கணக்கு:
சுழல்மேசை மூன்று நாள் வாடகை ஆயிரத்தெண்ணூறு,
ஊசி புதுசு, அது உங்கட காசு,
சவுண்ட் காட் வேண்டாமென்றால் இந்த வயரைச் செருகுங்கோ,
இரைச்சல் வந்தால் என்னைக் கேட்காதேங்கோ.
சவுண்ட் காட்டும் வாங்கினேன், தீப்பெட்டி அளவில்.
பிணைக்கு என் அடையாள அட்டையை
லாச்சிக்குள் போட்டுப் பூட்டினான்.

அட்டை இல்லாமல் பஸ்ஸில் திரும்பினேன்.
பம்பலப்பிட்டி தாண்டும்வரை
கை தானாகப் பையைத் துழாவியது.
இப்போது யாரும் மறித்துக் கேட்பதில்லை.
கைக்கு அது இன்னும் தெரியாது.

ஞாயிறு நாலு மணிக்கு அனோஜன் வருவான்.
கட்டில் எனக்கு, குளிர்சாதனப் பெட்டி எனக்கு,
தட்டுகள் அவனுக்கு என்று
சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டோம்.
காசு கொடுத்தவன் அவன்.
நடைபாதையில் குந்தியிருந்து பேரம் பேசியவள் நான்;
அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.

பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளி,
கராஜில் வாங்கிய பற்றரித் தண்ணீர் இரண்டு போத்தல்,
குழந்தைகளின் பல்துலக்கி ஒன்று.
கழுவிய இருபத்து மூன்றும்
கோப்பை அடுக்கும் கம்பித் தட்டில்
கறுப்பாக வடிந்துகொண்டிருந்தன.

லப்டொப்பை இணைத்த பிறகுதான் உறைத்தது:
இருபது நிமிடத் தட்டுக்கு இருபது நிமிடம் வேண்டும்.
அவசரப்படுத்த ஒரு பொத்தானும் இல்லை.
பாடகி மூச்செடுத்தால் நானும் நிற்க வேண்டும்.

ரயில் நிற்காது.
மருதானைக்குப் போவதும் பாணந்துறைக்குப் போவதும்
தண்டவாளத்தில் உதைத்த உதை
நாலு மாடி ஏறிவந்து ஊசியைத் தூக்கிப்போடும்.
ஊசித்தண்டின் தலையில்
இரண்டு ரூபாய்க் குற்றியை ஒட்டினேன்.
அப்போதும் துள்ளியது, கொஞ்சம் வெட்கத்தோடு.
சின்னத் தட்டுகளை ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே எடுத்தேன்,
பெரியவற்றைக் கடைசி வண்டி போன பிறகு.

பிறகு அந்த உறுமல்,
கரண்டுக்குத் தெரிந்த ஒரே ஸ்வரம்.
செம்புக் கம்பியை யன்னல் கிராதியில் சுற்றினேன்,
பாதி அடங்கியது.
என் பங்கில் வந்த குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன்,
மீதியும் அடங்கியது.
சனியிரவு முழுக்கப் பால் புளித்தது.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் இலவசம்.
அது கேட்பது ஒன்றுதான்:
பாட்டுக்கு முன்னால் உள்ள அமைதியைக் காட்டு,
அதை எல்லா இடத்திலும் கழித்துவிடுகிறேன்.
காட்டினேன். கழித்தது.
வயலின்காரர் தண்ணீருக்கடியில் இருந்து வாசித்தார்.
கழித்ததைத் திரும்ப வைத்தேன்.

ஞாயிறு, கடைசித் தட்டு.
பெயர்த்தாள் கிழிந்தது;
யாரோ ஒரு பெண் மோகனத்தை மெல்ல இழுக்கிறாள்.
மூன்றே முக்காலுக்கே கதவு திறந்தது.
திறப்பில் ஒன்று இன்னும் அவனிடம்.
திரும்பாமல் ஒரு விரலை உயர்த்தினேன்.
கழன்ற தரையோட்டுக்கு முன்னால்
அப்படியே நின்றான்.
மிதித்தால் என்னாகும் என்று தெரியும்,
இரண்டு வருடம் சொல்லியும் அவன் ஒட்டாத ஓடு.
இரண்டு பேரும் ஊசியையே பார்த்தோம்.
நாலு ஐந்துக்கு வரவேண்டிய வண்டி
அன்றைக்கென்று முந்தி வந்தது.
குற்றி நடுங்கியது. துள்ளவில்லை.

பெட்டியை அவன் தூக்க, கதவை நான் பிடித்தேன்.
ஊசி யாருக்கு என்றான்.
எனக்கு என்றேன்.
திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இரவு, அலையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
இரண்டாம் நிமிடத்தில் ரயில், மலைபோல்.
அதற்குச் சற்று முன்னால் சின்ன மேடு ஒன்று;
கால் மாற்றி நின்றிருப்பான்.
அதை அழிக்க இரண்டு சொடுக்குப் போதும்.
ரயிலை அழிக்க வழியில்லை.
ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பானேன்
என்று சேமித்துவிட்டேன்.

நாளைக் காலை அட்டையை மீட்க வேண்டும்.
குற்றியை உரித்துக் கழுவினேன்,
பஸ்ஸுக்குச் சில்லறை குறைகிறது.