தம்பியின் ஒப்பம்

நாலாம் ஆண்டில் றிஸ்லான் கணக்கில் பதினேழு எடுத்தான்.
வாப்பா கட்டாரில். உம்மா பேனை பிடிக்கமாட்டா.
தேர்ச்சி அறிக்கையில் பெற்றார் ஒப்பம் என்ற கோட்டில்
நான்தான் வைத்தேன்.
அதன்பிறகு தவணைக்குத் தவணை அது என் வேலையாயிற்று.

இப்போது அவனுக்குப் பத்தொன்பது.
வாப்பா மௌத்தாகி மூன்று வருஷம்.
ஆகவே சட்டப்படி அவன்தான் என் வலி.
அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு;
இன்றைக்கு அதை எடுக்கவேண்டாம்.

வீடு எழுதும்போது கல்முனை நொத்தாரிசு
ஏழு இடத்தில் ஒப்பம் கேட்டார், பெருவிரலும் வேறு.
கூரைக்கு எடுத்த கடனுக்கு வங்கியில் பதினொன்று.
நிந்தவூர்ப் பிரதேச செயலகத்தில்
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று,
நடுவே ஊர்ச் சனத்தின் விண்ணப்பங்களில் எத்தனையோ.

காவின் புத்தகத்தை நேற்றே பார்த்துவிட்டேன்.
மாப்பிள்ளைக்குக் கோடு. வலிக்குக் கோடு.
நிக்காஹ் ஓதுகிறவருக்கு, சாட்சிகளுக்கு, பதிவுகாரருக்கு.
மஹருக்குக் கட்டம் இருக்கிறது,
கைக்கூலிக்கும் இருக்கிறது.
படிவத்தில் விடுபட்டதைத்தான் என் கண் முதலில் தேடும்,
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
ஐம்பத்தோராம் ஆண்டு இந்தச் சட்டத்தை எழுதியவருக்கு
என் இடம் வந்தபோது மை தீர்ந்திருக்கலாம்.

மருதோன்றி காயாத கையோடு இருந்தேன்.
றிஸ்லான் அறைக்குள் வந்தான், தொப்பி சரிந்திருந்தது.
"ராத்தா, சம்மதமா?"
"சம்மதம்."
திரும்பப் போனவனைக் கூப்பிட்டேன்.
"வாசிச்சியா?"
"என்னத்த?"
"ஒப்பம் வைக்கப்போற கடதாசிய."
"இல்ல."
"வாசிக்காம ஒண்டுலயும் வைக்காத."

திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
லெப்பை செருமினார்.
சஹனில் சோறு ஆறுகிறது என்றார் யாரோ.
"வைச்சித் தாவன்டா, இதென்ன சோதினையா" என்றார் மாமா.
அவன் விரல் வைத்து வாசிக்கிறான், எனக்குத் தெரியும்,
நாலாம் ஆண்டில் வாசித்த மாதிரியே
உதடு அசைய, எழுத்தெழுத்தாக.

"ஹஸ்ரத், இது எங்கட ராத்தா இல்ல.
சில்மியா. நீங்க சில்வியா எண்டு எழுதியிருக்கிங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.
பிழையை வெட்டி, சரியானதை மேலே எழுதி,
ஓரத்தில் எல்லோரும் சிற்றொப்பம் வைத்தார்கள்.
எல்லோரும் என்றால்,
பெயருக்குரியவளைத் தவிர.

தப்பியிருந்தால் சில்வியாவோடுதான் வாழ்ந்திருப்பேன் என்று
நுஸ்கி இரவு சொன்னார்.
நல்ல மனிசன்தான். நானும் சிரித்தேன்.
சிரித்துவிட்டு, அந்தப் புத்தகம் இப்போது
யார் அலுமாரியில் இருக்கும் என்று யோசித்தேன்.

லீவு முடிந்த திங்கள், எட்டு இருபத்தெட்டு.
சிவப்புக் கோடு விழ இரண்டு நிமிஷம் இருந்தது.
வரவுப் புத்தகத்தில் என் பெயரை வைத்தேன்.
கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல.
"இது என்ட கட்டம்" என்றாள் சுகந்தினி,
பேனையோடு பின்னால் நின்றபடி.