மூடி

ஜூ சியட்டில் பழைய கடைவீடு.
கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே
முழங்காலில் நகர்ந்தேன்.
கண்ணாடிப் பஞ்சு கழுத்தில் அரித்தது.
ஓட்டுச்சூடு முதுகில் உட்கார்ந்தே வந்தது.

இறங்கி, இரண்டடிக் கதவின் மேல்பக்கம்
நுரைப்பலகை ஒட்டி,
சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்து,
தாழ்ப்பாளை அழுத்தினேன்.
ஓரத்தில் ஒரு டிஷ்யூக் கிழிசலைப் பிடித்துப் பார்த்தேன்.
ஆடவில்லை.
ஏர்கான் குளிர் இனி வீட்டுக்காரிக்கே.

பையில் போன் இல்லை.

மிஸ் குவெக் தன் போனில் என் எண்ணை அடித்தார்.
இருவரும் அண்ணாந்து நின்றோம்.
"மணி போகுது" என்று சைகை காட்டினார்.
மேலே ஒரு முனகல்கூட இல்லை.

அட, வேலை அவ்வளவு சுத்தம்!

தாழ்ப்பாளைத் திறந்தேன்.
வெக்கை முகத்தில் கொட்டியது,
பின்னாலேயே
அந்தக் குத்துப்பாட்டு.