ஈரத்தோடு மூடாதே

துக்மில் ஜூலை.
மஸ்கட் வேகிறது என்கிறார்கள். இங்கே
கடலிலிருந்து ஒரே திசையில் காற்று,
மணலும் உப்பும் பாதிக்குப் பாதி.
"ரொம்ப வெயிலா?" என்று தெய்வானை கேட்டாள்.
"இல்லை, குளிருகிறது" என்றேன்.
பதினோரு வருஷத்தில் முதல் உண்மை.
அவள் நம்பவில்லை.

ஐந்தரை மணிக்கு, போர்ட்டாகேபின் மேசையில்
டோட்டல் ஸ்டேஷன்.
முதலில் ஊதல், ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி.
துணி அப்புறம்தான்.
மணலிருக்கத் துடைத்தால்
கண்ணாடியில் நாம் எழுதுவதை
எவனாலும் அழிக்க முடியாது.

வெளியே இக்ராமுல்
முக்காலியின் கால்களைக் கழுவுகிறான்
குடிக்க வந்த தண்ணீரில்.
கல்ஃபான் பார்த்தார்,
வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இன்று மூன்று மணிக் காற்றில் சாய்ந்தது முக்காலி.
மணல் மூட்டை அவிழ்ந்திருந்தது; கட்டியது நான்.
அவன் பாய்ந்து ஏந்தினான்,
கையால் பாதி, தாடையால் மீதி.
மூன்று தையல்.
மருந்து வாசத்தோடு வந்து இறங்கியதும் கேட்டான்:
"மெஷின் டீக் ஹை?"

அதைத்தான் பார்க்கிறேன்.
தண்ணீர்த் தொட்டி உச்சியின் இடிதாங்கிக் கம்பியை
இடது முகத்தில் ஒரு தரம்,
குழலைக் கவிழ்த்து, உடம்பைத் திருப்பி,
வலது முகத்தில் ஒரு தரம்.
எட்டு வினாடி உதைக்கிறது.
நாலுதான் உண்மையான பிழை.
தன் தப்பை இரட்டித்துக் காட்டுகிற சாதி இது.
நான் விபத்துத் தாளை எடுக்கிறேன்.

கருவியின் எண். கருவியின் நிலை.
சேதம்: இல்லை.
காரணம்: பலத்த காற்று.
அதற்குக் கீழே இடம் இருந்தது,
ஒரு மூட்டையின் முடிச்சை எழுதுமளவுக்கு.

பெட்டியின் மூடிக்குள் ஒரு ஸ்டிக்கர்.
அடுத்த பரிசோதனை மார்ச் பதினெட்டு.
என் விசா ஜனவரியோடு சரி.
ஓரத்தில் மலையாளத்தில் ஏதோ நாலு எழுத்து,
எனக்கு முன்னால் இதைச் சுமந்தவன் எழுதியது.
எண் மட்டும் புரியும்: மைனஸ் முப்பது.
பிரிசத்துக்குக் கழிக்க வேண்டிய மில்லிமீட்டர்.
முகம் தெரியாதவன் சொன்னதை
ஒவ்வொரு காலையும் சரிபார்த்துக் கழிக்கிறேன்.

சிலிக்கா மணிகள் வெளிர்சிவப்பாகிவிட்டன.
நசுங்கிய டின் தட்டில் வறுத்தால்
ராத்திரிக்குள் நீலம் திரும்பும்.
அதுவரை பெட்டி திறந்தே கிடக்கட்டும்.
ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை;
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது,
பார்க்கிறதெல்லாம் மங்கலாகும்.

தாளை மடிக்காமல்
மேசையிலேயே விட்டு எழுந்தேன்.

கொடியில் கருவியின் மஞ்சள் உறை.
பக்கத்தில் இக்ராமுலின் சட்டை,
காலரில் கறை முழுசாகப் போகவில்லை.
இரண்டையும் ஒரே பக்கமாக
அடித்துக்கொண்டிருக்கிறது காற்று.
கிளிப் ஒன்றுதான் இருந்தது.
சட்டைக்குப் போட்டேன்.